ஓட்டம் கூடியபோது நின்றுபோன மாதவிடாய்: வன்னியில் ஒரு பாடசாலை ஓட்ட வீராங்கனை பற்றிய நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

இந்தப் பதிவை எழுதுவதற்கு மாணவியும் அவருடைய தாயாரும் உடன்பட்டிருக்கிறார்கள். அவர்களை இனங்காட்டக்கூடிய ஊர், பாடசாலை, குடும்ப விபரங்கள் விடப்பட்டோ மாற்றப்பட்டோ உள்ளன. மருத்துவ விபரங்களும் நாங்கள் எடுத்த முடிவுகளும் நடந்தபடியே தரப்படுகின்றன. நான் விட்ட தவறும் அவற்றுள் ஒன்று.

பின்னணி

மாணவிக்கு அப்போது 17 வயது. உயர்தர முதலாம் ஆண்டில் கலைப்பிரிவில் படித்துக்கொண்டிருந்தார். தாயார் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் முறைமாறும் வேலைக்குச் செல்பவர். வீட்டில் சமையலும் இரு இளைய பிள்ளைகளின் பராமரிப்பும் அம்மம்மாவின் பொறுப்பில் இருந்தன. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் பாலும் முட்டையும் அந்த வீட்டில் நின்றுபோயின. விலைகள் ஓரளவு இறங்கிய பின்னரும் அவை இளைய பிள்ளைகளுக்கு மட்டுமே திரும்பி வந்தன. மூத்தவர் அதைக் குறையாக நினைக்கவில்லை. தம்பிக்கும் தங்கைக்கும் கொடுப்பதே சரியென்று எங்களிடமும் சொன்னார்.

சாமத்தியப்பட்டது 13 ஆவது வயதில். முதல் ஒன்றரை ஆண்டு மாதவிடாய் முன்பின்னாக வந்திருக்கிறது. அந்தப் பருவத்தில் அது வழமையானது. பதினான்கரை வயதிலிருந்து 28 முதல் 32 நாட்களுக்கு ஒரு தடவை, நான்கைந்து நாள் நீடிக்கும் ஒழுங்கான மாதவிடாய் இருந்தது. பத்தாம் தரத்தில் நடந்த பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் உயரம் 157 சென்ரிமீற்றர், நிறை 47.5 கிலோகிராம் எனப் பதியப்பட்டிருந்தது. அந்த ஒரு வரிப் பதிவு பின்னர் எங்களுக்குப் பேருதவியாக இருந்தது, ஏனெனில் அவர் எப்போதுமே இப்படி மெலிந்தவர்தான் என்று வீட்டார் உண்மையாகவே நம்பியிருந்தார்கள்.

2023 இன் தொடக்கத்தில் நடந்த இல்ல விளையாட்டுப் போட்டியில் 1500 மீற்றர், 3000 மீற்றர் ஆகிய இரண்டிலும் முதலிடம் பெற்றார். அதுவரை வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓடியவர், ஆறு நாள் ஓடத் தொடங்கினார். அதிகாலை ஐந்தேகால் மணிக்குக் குளக்கட்டில் எட்டு கிலோமீற்றர். பின்னேரம் பாடசாலை மைதானத்தில் வேக ஓட்டங்கள். இவற்றோடு பாடசாலைக்கும் ரியூசனுக்குமாக நாளொன்றுக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் வரை சைக்கிள் மிதித்தார். இந்தச் சைக்கிள் ஓட்டத்தை அவரோ, பயிற்றுவிப்பாளரோ, முதலில் நானோ பயிற்சியாகக் கணக்கில் எடுக்கவில்லை. வன்னியில் பஸ் வராத உள்வீதிப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதானே என்று அது எங்கள் கண்ணுக்குத் தெரியாமலே இருந்தது.

முதல் வருகை

மே மாத நடுப்பகுதியில், வலது கணைக்காலின் உட்புறத்தில் ஒரு வாரமாக நோவு என்று வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். அன்று பார்த்த வைத்தியர் நான். எக்ஸ்ரே எடுத்தோம், அதில் எதுவும் தெரியவில்லை. எலும்பில் பிரச்சினை இல்லை என்று சொல்லி, நோவுக் குளிசையும் ஒரு வார ஓய்வும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

இந்த இடத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. எலும்பில் ஏற்படும் மயிரிழை வெடிப்பு முதல் இரண்டு மூன்று வாரங்களில் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அப்படியிருக்க எலும்பில் எதுவும் இல்லை என்று நான் உறுதி கூறியிருக்கக்கூடாது. இரண்டாவதும் பெரியதுமான பிழை, கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்று கேட்காததுதான். வரிசையில் எழுபது எண்பது பேர் காத்திருந்தார்கள், மறைப்புத் திரை இல்லாத மேசை, பக்கத்தில் இன்னொரு நோயாளி என்று காரணங்கள் சொல்லலாம். ஆயினும் நீண்டதூரம் ஓடும் ஒரு பெண்பிள்ளை எலும்பு நோவோடு வந்தால் கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுதான் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அன்று கேட்டிருந்தால் ஏழு வாரங்கள் முன்னதாகவே சிகிச்சை தொடங்கியிருக்கும்.

ஓய்வு நான்கு நாளோடு முடிந்தது. வலயமட்டப் போட்டி நெருங்கியிருந்ததால் காலில் துணி சுற்றிக்கொண்டு ஓடி, இரண்டாமிடம் பெற்று, மாகாண மட்டத்துக்குத் தெரிவானார்.

தாயார் கவனித்தது

மாதவிடாய் நின்றிருப்பதை முதலில் கண்டுகொண்டவர் தாயார். அவர் கண்டுகொண்ட வழி எங்கள் ஊர்களுக்கே உரியது. வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குக் குடும்பமாகப் போவது வழக்கம். பொங்கல் நாள் பிள்ளைக்கு விலக்கு நாளாக அமைந்துவிடுமோ என்று தாயார் ஒவ்வொரு வருடமும் முன்கூட்டியே நாள் எண்ணுவார். அந்த வருடம் எண்ணிப் பார்க்கத் தொடக்க நாளே நினைவுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கோயிலைப் பிள்ளை பல மாதங்களாக ஒருநாளும் தவறவிடவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கேட்டபோது, மார்கழியில் ஒருநாள் சிறிதாகப் பட்டதாகவும் அதன்பின் எதுவும் இல்லையென்றும் மாணவி சொன்னார்.

அவர் அதை மறைத்தார் என்று சொல்ல முடியாது. உடன் ஓடும் மூத்த பிள்ளைகள் இருவர், பயிற்சி கடுமையானால் அது நிற்கும், நின்றால் உடம்பு தயாராகிவிட்டது என்று அர்த்தம் எனச் சொல்லியிருக்கிறார்கள். போட்டி நாளில் தொல்லையில்லை என்று அவரும் ஆறுதலடைந்திருக்கிறார். இந்த நம்பிக்கை வன்னிக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் ஓட்டக்குழுக்களில் நெடுங்காலமாக நிலவுவது. ஆனால் இங்கே அதைத் திருத்திச் சொல்ல ஒரு பெண் பயிற்றுவிப்பாளரோ, மாதவிடாய் பற்றிக் குரலைத் தாழ்த்தாமல் பேசும் பழக்கமோ அருகில் இருக்கவில்லை.

தாயார் உடனே எங்களிடம் வரவில்லை. திருமணமாகாத பிள்ளைக்கு ஆறு மாதமாக மாதவிடாய் இல்லை என்று ஒரு வைத்தியசாலைப் பதிவு மேசையில் சொன்னால், கேட்பவர் மனதில் முதலில் எழும் சந்தேகம் எதுவென்று அவருக்குத் தெரியும். அந்த அச்சத்தில் தெரிந்த ஒருவர் மூலம் மாதவிடாயை வரவைக்கும் குளிசை வாங்கி ஐந்து நாட்கள் கொடுத்தார். அது புரோஜெஸ்தரோன் வகைக் குளிசை. முடிந்து ஒரு வாரத்துக்குள் இரத்தப்போக்கு வர வேண்டும். வரவில்லை. குளிசைக்கும் வராததால் கருப்பையிலேயே கோளாறு என்று அம்மம்மா அழத்தொடங்க, தாயார் தம் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் விடயத்தைச் சொன்னார். பிரசவங்களுக்கும் தடுப்பூசிகளுக்கும் வீடு தேடி வந்து பழகிய அவரிடம்தான் அதைச் சொல்ல முடிந்தது.

மீண்டும் வந்தபோது கண்டவை

யூலை முதல் வாரத்தில், வெளிநோயாளர் கூட்டம் கலைந்த பின்னான ஒரு பிற்பகலில், குடும்பநல உத்தியோகத்தர் அவர்களை அழைத்து வந்தார். அறைக்கதவை மூடிவிட்டு, முதலில் மூவரோடும் பேசினேன். பிறகு தாயாரின் சம்மதத்தோடு, உத்தியோகத்தரை உடன் வைத்துக்கொண்டு மாணவியுடன் தனியாகப் பேசினேன்.

உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 42.5 கிலோகிராம், உடற்திணிவுச் சுட்டி 17.0. பத்தாம் தரப் பதிவோடு ஒப்பிட்டால் ஐந்து கிலோகிராம் இழப்பு. படுத்திருக்கையில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 52, இரத்த அழுத்தம் 96/60. எழுந்து நின்றபோது பெரிய மாற்றம் இல்லை. கைவிரல்கள் குளிர்ந்திருந்தன. முகத்தில் மேலதிக உரோமமோ கடும் பருக்களோ இல்லை, கழுத்தில் தைரோயிட் வீக்கம் இல்லை, மார்பில் பால் கசிவு இல்லை. வலது கணைக்கால் எலும்பின் உள் ஓரத்தில், விரல்நுனி அளவான ஓரிடத்தில் அழுத்தியதும் துள்ளினார்; அந்தக் காலால் ஒருதரம்கூடக் குதிக்க முடியவில்லை.

உணவைப் பற்றிக் கேட்டபோது, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்பதே முதற்பதில். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும் என்பதால், நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்று மணிவாரியாகக் கேட்டோம். அதிகாலையில் வெறுந்தேநீர், சீனி குறைவாக. ஓடிவந்து குளித்து வெளிக்கிட நேரம் போதாததால் காலைச் சாப்பாடு பாடசாலை இடைவேளைக்குத் தள்ளிப்போகும். அதுவும் ஐந்தாறு இடியப்பமும் சம்பலும். மதியச் சோறு பின்னேரம் மூன்றரைக்கு. இரவில் சோறு இல்லை. இரண்டு துண்டுப் பாண், அல்லது கொஞ்சம் புட்டு. செவ்வாயும் வெள்ளியும் விரதம், ஒருவேளை உணவு. இரவுச் சோற்றை நிறுத்தியது பயிற்றுவிப்பாளர் பொதுவாகச் சொன்ன ஒரு வார்த்தையால்: பாரம் ஒரு கிலோ குறைந்தால் நேரம் சில விநாடி குறையும். இன்னாரைப் பார்த்து அவர் சொல்லவில்லை. கேட்ட பிள்ளைகளில் ஒருவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

கொழுத்துவிடுவோம் என்ற பயம், சாப்பிட்டபின் வாந்தி எடுத்தல், கண்ணாடியில் தன் உடலை வெறுத்தல் போன்றவை இருக்கின்றனவா என்றும் கேட்டோம். இல்லை. உண்ணும் மனநோய் அவரிடம் இருக்கவில்லை. செலவாகும் சக்திக்கு ஏற்ப உண்ண வேண்டும் என்பதை எவரும் சொல்லியிராததும், வீட்டு நிலையும், விரதமும், நேரமின்மையும் சேர்ந்தே அவரை இந்த இடத்துக்குக் கொண்டுவந்திருந்தன. உறக்கம் ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் இல்லை என்பதும் இதே பேச்சில் தெரிந்தது.

பரிசோதனைகளும் அவற்றுக்கான காரணமும்

மாதவிடாய் நின்றதற்குப் பயிற்சிதான் காரணம் என்று முடிவுகட்டுமுன் மற்றக் காரணங்களை விலக்கியாக வேண்டும். அவற்றில் முதலாவது கர்ப்பம். இதை நான் எப்படிக் கேட்டேன் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இந்த ஒரு கேள்வியில் பிழைத்தால் குடும்பம் திரும்பி வராது. மாணவியிடம் தனியாக, மாதவிடாய் நின்று வரும் எல்லாப் பெண்களுக்கும் திருமணமானவரா இல்லையா என்ற வேறுபாடின்றிச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று உண்டென்றும், செய்யாமல் மருந்தோ எக்ஸ்ரேயோ கொடுப்பது சரியல்லவென்றும், முடிவை முதலில் அவருக்கே சொல்வேன் என்றும் கூறினேன். அவர் தலையாட்டினார். பரிசோதனையை உத்தியோகத்தர் அங்கேயே செய்தார், முடிவு எதிர்மறை. தாயாரிடம் அதை மாணவியே சொன்னார். தாயார் அதன்பின்தான் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

தைரோயிட், பால் சுரக்கச் செய்யும் புரோலக்ரின் ஆகியவற்றின் அளவுகள் இயல்பு. மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியிலிருந்து வந்து சூலகத்தை இயக்கும் ஹோர்மோன்களான எவ்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் குறைவு, எல்.எச். மிகக் குறைவு, சூலகம் சுரக்கும் பெண் ஹோர்மோனான ஈஸ்திரோஜனும் குறைவு. வயிற்றின் மேலாகச் செய்த ஸ்கானில் கருப்பையும் சூலகங்களும் இயல்பான அமைப்பில் இருந்தன, நீர்க்கட்டித் தோற்றம் இல்லை. ஹீமோகுளோபின் 11.2, இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் 9, இரண்டும் குறைவு. இதயமின்வரைபில் துடிப்பு மெதுவாக இருந்ததைத் தவிர வேறெதுவும் இல்லை. எக்ஸ்ரேயில் இம்முறை எலும்பின் ஓரத்தில் புதிய எலும்புப் படிவும் மெல்லிய கோடொன்றும் தெளிவாகத் தெரிந்தன.

கருப்பைக் கோளாறு என்று அம்மம்மா அஞ்சிய அந்தக் குளிசை விடயம் இப்போது விளங்கியது. ஈஸ்திரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்திருந்தால்தான் புரோஜெஸ்தரோனை நிறுத்தும்போது அது கழன்று இரத்தமாக வரும். இவருக்கு ஈஸ்திரோஜன் குறைந்து உட்சுவர் வளராமலே இருந்ததால் வருவதற்கு எதுவும் இருக்கவில்லை.

உள்ளே நடந்தது

மூளையின் ஹைப்போதலமஸ் பகுதி, மாதவிடாய்ச் சக்கரத்தின் முற்பகுதியில் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கபச் சுரப்பிக்கு ஒரு சிறு துடிப்பாகச் சமிக்ஞை அனுப்புகிறது. அந்தத் துடிப்பின் ஒழுங்கில்தான் சூலகத்தில் முட்டை முதிர்வதும் ஈஸ்திரோஜன் சுரப்பதும் தங்கியிருக்கின்றன. உடலுக்குள் வரும் சக்தியிலிருந்து பயிற்சிக்குச் செலவானதைக் கழித்தபின் எஞ்சுவதுதான் இதயத்துக்கும் மூளைக்கும் எலும்புக்கும் கருப்பைக்கும் உரிய பங்கு. பங்கு சுருங்கும்போது, உயிர்வாழ உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை உடல் ஒத்திவைக்கிறது. சமிக்ஞைத் துடிப்புகள் ஐதாகி, மாதவிடாய் பிந்தி, பின் நிற்கிறது.

இந்த எஞ்சும் சக்தியை, கொழுப்பு நீங்கலான உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் எத்தனை கிலோகலோரி என்று கணிக்கிறார்கள். நாளொன்றுக்கு 45 அளவில் இருப்பது போதுமானது. 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், ஒழுங்கான மாதவிடாயுள்ள இளம்பெண்களுக்கு இந்த அளவு 30 இற்குக் கீழே இறக்கப்பட்டபோது ஐந்தே நாட்களில் எல்.எச். துடிப்பின் ஒழுங்கு குலைந்தது. எல்லோருக்கும் 30 தான் எல்லை என்று கொள்ள முடியாது, ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆயினும் கணக்குப் பார்க்க அது உதவுகிறது.

மாணவியின் கொழுப்பு நீங்கலான நிறையை 36 கிலோகிராம் எனக் கொண்டோம். அவர் சொன்ன உணவில் விரதமில்லாத நாளில் ஏறத்தாழ 1650 கிலோகலோரி. ஓட்டத்துக்கு, கிலோகிராமுக்கும் கிலோமீற்றருக்கும் ஒரு கிலோகலோரி வீதம் 11 கிலோமீற்றருக்கு 470 அளவில். சைக்கிளுக்கு இன்னும் 220 அளவில். எஞ்சியது 960, கிலோகிராமுக்கு 27 வரை. விரத நாட்களில் அதைவிட மிகக் குறைவு. எல்லாம் மதிப்பீடுகளே, ஆனாலும் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது மாணவி அதைத் தன் கொப்பியில் பிரதிபண்ணிக்கொண்டார். கணக்கில் சைக்கிளைச் சேர்க்க வேண்டும் என்று எங்களுக்கு நினைவூட்டியவரும் அவரே.

ஓடும் பெண்களில் போதாத உணவு, மாதவிடாய்க் கோளாறு, எலும்புத் தேய்வு ஆகிய மூன்றும் ஒன்றாக வருவதை 1992 இலேயே அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் ஒரு பெயரிட்டு அழைத்தார்கள். 2014 இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அதை விரித்து, ஆண்களுக்கும் பொருந்துவதாகவும், இதயம், குருதி, மனநிலை, நோயெதிர்ப்பு என எல்லாவற்றையும் தொடுவதாகவும் விளக்கியது. எங்களை அவசரப்படுத்தியது எலும்புதான். ஒருவரின் உச்ச எலும்புத் திணிவில் ஏறத்தாழ நூற்றுக்கு 90 வீதம் 18 வயதளவில் சேர்ந்துவிடுகிறது. 17 வயதில் ஈஸ்திரோஜன் இல்லாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் சேமிப்புக் காலத்திலிருந்து கழிகிறது.

எடுத்த முடிவுகள்

மாவட்ட வைத்தியசாலையின் பெண்நோயியல் நிபுணருடன் கலந்து பேசியபின் முடிவுகள் எடுக்கப்பட்டன. மாகாணப் போட்டிக்கு மூன்று வாரங்களே இருந்தன, அதில் ஓடுவதில்லை. எட்டு வாரங்களுக்கு ஓட்டமும் சைக்கிளும் இல்லை. உணவை முதலில் நாளொன்றுக்கு 300 கிலோகலோரியாலும், பழகியபின் 600 வரையும் கூட்டுவது. இரும்புச்சத்துக் குளிசை, அதற்கும் சாப்பாட்டுக்கும் அண்டித் தேநீர் குடிப்பதில்லை, தேசிக்காய் சேர்ப்பது.

மாதவிடாய் வரவேண்டும் என்ற தவிப்பில் தாயார் கேட்டது குளிசையைத்தான். கருத்தடை மாத்திரை கொடுத்தால் மாதாமாதம் இரத்தம் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வரும்தான்; ஆனால் அது மாத்திரை நிறுத்துவதால் வரும் இரத்தம். சூலகம் உறங்கிக்கொண்டே இருக்கும், எலும்புக்கும் அதனால் நம்பத்தக்க காப்பு இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்ற நினைப்பில் சோறு மீண்டும் குறையும். உணவும் ஓய்வும் ஆறு முதல் பன்னிரண்டு மாதம் கொடுத்தும் திரும்பாவிட்டால், தோலில் ஒட்டும் ஈஸ்திரோஜனைச் சிறிதுகாலம் கொடுப்பது பற்றி நிபுணர் யோசிப்பார் என்று விளக்கினோம். "அப்ப பிள்ளைக்கு நாளைக்கு ஒரு குடும்பம், குழந்தை எண்டு வரேக்கை பிரச்சினை இல்லையோ டொக்டர்?" என்று தாயார் கேட்டார். கருப்பையும் சூலகமும் நலமாக இருப்பதையும், சக்தி திரும்பினால் இது மீளும் நிலை என்பதையும் சொன்னேன்.

உணவுத் திட்டத்தை நடக்கச் செய்தவர் அம்மம்மா. நாங்கள் எழுதிக் கொடுத்த தாளை அவர் மடித்து வைத்துவிட்டு, "சாமத்தியப்பட்டவளுக்கு உழுந்தங்களியும் நல்லெண்ணெயும் குடுத்துத்தானே இடுப்பைப் பலப்படுத்தினனாங்கள், திரும்பக் குடுப்பம்" என்றார். உழுந்து கருப்பையைத் தனியாகப் பலப்படுத்தும் என்று மருத்துவம் சொல்லவில்லை. ஆனால் உழுந்து, நல்லெண்ணெய், பனங்கட்டி சேர்ந்த களியில் அவருக்குத் தேவைப்பட்ட சக்தியும் புரதமும் கொழுப்பும் இருந்தன. அதற்கு மேல் நான் என்ன கேட்பது? அதிகாலையில் இரண்டு கதலிப்பழம், காலையில் களி, வீட்டுக் கோழியின் முட்டை, பின்னேரம் ஒரு கைப்பிடி கச்சான், இரவில் பாற்சொதியோடு சோறு என்று ஒழுங்கு அமைந்தது. கல்சியத்துக்குத் தலையோடு பொரித்த நெத்தலி, முருங்கையிலை வறை, குரக்கன் புட்டு, முடிந்த நாளில் எருமைத் தயிர். விரதம் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லை. சுகவீனக்காரருக்கு விரதம் கட்டாயமில்லை என்று அம்மம்மாவே தீர்ப்புச் சொன்னார்.

பயிற்றுவிப்பாளருடன்

அவர் சம்பளம் வாங்காமல் தன் நேரத்தைக் கொடுத்துப் பிள்ளைகளை ஓடவைப்பவர். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் ஓடக்கூடாது என்றால் அவர் மனம் எப்படியிருக்கும் என்பது எனக்கு விளங்கியது. அதேவேளை, மாணவியின் மாதவிடாய் பற்றி ஓர் ஆண் பயிற்றுவிப்பாளரிடம் யார், எவ்வளவு சொல்வது என்பதை முடிவுசெய்யும் உரிமை எனக்கு இல்லை. மாணவியிடம் கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, அதிபருக்குப் போகும் கடிதத்தில் கால் எலும்பு வெடிப்பு என்று மட்டும் இருக்கட்டும், சேருக்கு மற்றதை உடற்கல்வி ஆசிரியை சொல்லட்டும் என்றார்.

ஆசிரியை சொன்னபின் பயிற்றுவிப்பாளர் என்னைத் தேடி வந்தார். "ஓடுற பிள்ளையளுக்கு இது நிக்கிறது வழமை எண்டுதான் எனக்கும் சொல்லித் தந்தவை" என்று தொடங்கினார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் கோட்டைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு, குழுவில் இருக்கும் மற்ற ஐந்து பெண்பிள்ளைகளை யார் விசாரிப்பது என்று கேட்டார். அந்தக் கேள்வி அவரிடமிருந்து வந்தது என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

தொடர்ந்த மாதங்கள்

முதல் ஆறு வாரம் மிகக் கடினமானது. ஓடாதவருக்குப் பசி குறைந்தது. வயிறு ஊதுகிறது என்றார். போட்டி நடந்த நாளில் பாடசாலைக்கே போகவில்லை. வாரந்தோறும் நிறை பார்க்கும் ஏற்பாடு அவரைப் பதற்றப்படுத்தியதால் மாதம் ஒருமுறையாக மாற்றி, எண்ணைச் சொல்லாமல் பதிந்தோம்.

செப்ரெம்பரில் நிறை 44 கிலோகிராம், அழுத்தும்போது நோவு இல்லை. ஒக்ரோபரில் நடையும் மென்னோட்டமும் மாறிமாறி, வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம் தொடங்கியது. நவம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த ஆசிய மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் முல்லைத்தீவைச் சேர்ந்த 72 வயதுப் பெண் ஒருவர் தங்கம் வென்ற செய்தி வந்தது. அந்தப் பத்திரிகைத் துண்டை மாணவி தன் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அன்று நிறை 45.6, ஓட்டத்தைக் கூட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை.

தைப்பொங்கலன்று காலை, கோயிலுக்குப் போக முடியாமற் போய்விட்டது என்று தாயார் உத்தியோகத்தருக்குத் தொலைபேசியில் சொன்னார். சொல்லும்போது குரல் தழுதழுத்ததாக உத்தியோகத்தர் என்னிடம் கூறினார். கடைசி மாதவிடாய்க்குப் பின் பதின்மூன்று மாதம், சிகிச்சை தொடங்கி ஆறு மாதம். அப்போது நிறை 46.9, நாடித்துடிப்பு 62. அடுத்தது 45 நாளில், அதற்கடுத்தது 38 நாளில், பின்னர் 33 நாளில் வந்தன. பெரிட்டின் 31 ஆக ஏறியது. நின்ற மாதவிடாய் திரும்பி வருமுன்னரே முட்டை வெளியேறத் தொடங்கக்கூடும் என்பதால், மாதவிடாய் இல்லாத காலம் கருத்தரிக்காத காலம் என்று எண்ணக்கூடாது என்பதையும் வளர்ந்த பெண்ணாக அவருக்குத் தனியாகச் சொல்லியிருந்தோம்.

அடுத்த பருவத்தில் 1500 மீற்றர் மட்டும் ஓடினார். வலய மட்டத்தில் நான்காமிடம், மாகாணத்துக்குத் தெரிவாகவில்லை. அவரது நேரம் முன்னைய ஆண்டைவிட ஐந்து விநாடி கூட. நோவு திரும்பவில்லை.

மாற்ற வேண்டியவை

மே மாதத்தில் கேட்காத கேள்வியைப் பற்றி மேலே எழுதிவிட்டேன். இப்போது எங்கள் வெளிநோயாளர் பிரிவில், கால் நோவோடு வரும் விளையாட்டுப் பெண்பிள்ளைகளைத் தாதியர் முதலில் திரைக்குப் பின்னால் அழைத்து, கடைசி மாதவிடாய்த் திகதியைச் சிட்டையின் மூலையில் குறித்து அனுப்புகிறார்கள். மூன்று மாதம் வராமலிருந்தால், அல்லது 45 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் தனியாகப் பார்க்கிறோம். 15 வயதாகியும் சாமத்தியப்படாத பிள்ளைகளையும் அவ்வாறே.

சைக்கிளை நிறுத்தச் சொன்ன நாங்கள், அவர் பாடசாலைக்கு எப்படிப் போவார் என்று யோசிக்கவில்லை. முதல் இரண்டு வாரம் அவர் வகுப்புக்கே போகவில்லை என்பது தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. பின்னர் அயல்வீட்டு முச்சக்கரவண்டியில் ஒழுங்குசெய்தது ஆசிரியை. அறிவுரையை எழுதுமுன் அந்தப் பிள்ளை நாளை காலை என்ன செய்யும் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

எலும்பு அடர்த்தி ஸ்கான் செய்யப்படவில்லை. அதற்குத் தூரப் பயணமும் தாயாரின் ஒருநாள் சம்பளமும் தேவைப்பட்டன. முடிவு எதுவாயினும் அப்போதைய சிகிச்சை மாறியிருக்காது என்று எண்ணி ஒத்திவைத்தோம். அதனால் அந்தப் பதின்மூன்று மாதங்களில் இழந்தது எவ்வளவு, மீண்டது எவ்வளவு என்று எங்களிடம் அளவு இல்லை. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் செய்வதற்கு நிபுணர் கடிதம் கொடுத்திருக்கிறார்.

பயிற்சிக் குழுவின் மற்ற ஐந்து பேரையும் உடற்கல்வி ஆசிரியையும் குடும்பநல உத்தியோகத்தரும் சேர்ந்து விசாரித்தார்கள். ஒருவருக்கு ஐம்பது நாள் இடைவெளி; நிறை குறையவில்லை, பார்வைக்கு மெலிவும் இல்லை. காலைச் சாப்பாட்டை ஓட்டம் முடிந்தவுடன் மைதானத்திலேயே கொடுக்கும் ஒழுங்கைப் பயிற்றுவிப்பாளர் செய்தபின், இரண்டாவது மாதத்தில் அவருக்கு இடைவெளி 34 நாளுக்கு வந்தது. அவித்த கடலையும் வாழைப்பழமும் அங்கே இப்போது ஓடுபவர் எல்லோருக்கும், ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்தே, பெற்றோர் முறைவைத்துக் கொண்டுவருகிறார்கள்.